பீலியில்லாத கூரையும் பள்ளமான முற்றமும்: வன்னி வீட்டு அத்திவாரம் பற்றி

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். மழை பிடித்துப் பத்து நிமிடமாவது கழியட்டும். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்தது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே ஓட வழியில்லாமல் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டின் எந்த மூலை முதலில் தொந்தரவு தரப்போகிறது என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். தண்ணீர் தேங்கும் விளிம்பில் தடிகளை ஊன்றி வையுங்கள். மழை விட்டு ஒரு நாள் போன பிறகும் தடிக்கு உள்ளே தண்ணீர் நின்றால், வேலை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

சுவர் வெடித்தால் முதலில் மேசனைக் குறை சொல்கிறோம். அடுத்து கம்பி போதாது, சீமெந்து போதாது என்கிறோம். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரு தட்டு வீட்டின் பாரம் அப்படியொன்றும் பெரிதல்ல. காய்ந்து இறுகிய வன்னி நிலம் அதைத் தாராளமாகத் தாங்கும். அதே நிலம் ஊறிக் கூழானால் தாங்கும் வலு பல மடங்கு குறைந்துவிடும். வீட்டின் நான்கு பக்கமும் ஒரே அளவாக ஊறினால்கூட வீடு ஒரேயடியாகச் சற்று இறங்கி நிற்கும், பெரிய சேதம் வராது. குசினிப் பக்கம் மட்டும் ஊறி, மற்றப் பக்கம் காய்ந்து கிடக்கும்போதுதான் சுவர் கிழிகிறது. அத்திவாரத்துக்கு ஈரத்தைவிட ஆபத்தானது ஒருபக்க ஈரம்.

வன்னியில் மழை வருடம் முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைக்குள் வந்து தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயிலும் சோளகக் காற்றும். ஆகவே அத்திவாரத்தின் கீழ் மண் வருடத்துக்கு ஒருமுறை முழுதாக நனைந்து, ஒருமுறை முழுதாகக் காய்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதுதான் வடிகால் வேலையின் நோக்கம்.

தண்ணீரின் அளவைக் கணக்குப் பார்த்தால் விளங்கும். 22 அடிக்கு 25 அடி, அதாவது 550 சதுர அடி வீடு ஒன்றை எடுப்போம். வீட்டுத்திட்டங்களில் கட்டிய பல வீடுகள் ஏறக்குறைய இந்த அளவுதான். நான்கு பக்கமும் இரண்டடி தாழ்வாரம் விட்டால் கூரை மூடும் பரப்பு 26 க்கு 29, சுமார் 70 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 7000 லீற்றர் இறங்கும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஏழைக் கொண்டுவந்து அத்திவாரத்தின் ஓரத்தில் ஒரே நாளில் திறந்துவிட்டது மாதிரி. மாரியில் 100 மில்லிமீற்றர் நாள் அபூர்வமானதல்ல.

உங்கள் மண் எது?

ஒரே ஆலோசனை எல்லாக் காணிக்கும் பொருந்தாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆழமான செம்மண் உள்ள மேட்டுக்காணிகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் கீழே இறங்கிவிடும், மண்ணும் அதிகம் வீங்காது. வவுனியாப் பக்கத்துச் சிவந்த கபில மண் காய்ந்தால் அலவாங்கு இறங்காது, நனைந்தால் காலில் ஒட்டும். கடற்கரையோர மணல் தண்ணீரை வைத்திருக்காது. ஆனால் ஓடும் தண்ணீர் அதை வாரிக்கொண்டு போய்விடும். எல்லாவற்றிலும் கடினமானது முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி. அது நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வயலுக்குத் தங்கமான மண், வீட்டுக்குத் தலையிடி. குளத்தின் கீழ்ப் பக்கத் தாழ்நிலங்களிலும் களி கூடுதலாக இருக்கும்.

பெயர் தெரியாவிட்டால் மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். மேல்மண்ணைத் தவிர்த்து, அத்திவாரம் நிற்கும் இரண்டு, இரண்டரை அடி ஆழத்திலிருந்து மண் எடுங்கள்.

முதலாவது, வீக்கம். மண்ணை நன்றாகக் காயவைத்துப் பொடியாக்கி மா அரிக்கும் அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான, ஒடுங்கிய, தெளிவான கண்ணாடிப் போத்தல்கள் இரண்டில் சமஅளவு மண் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது, தண்ணீரில் வீங்கும். மறுநாள் இரண்டு மண்மட்டத்தையும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். தண்ணீர்ப் போத்தலில் மண் ஒன்றரை மடங்கு உயரத்தில் நின்றால் உங்கள் வீடு வீங்கும் களியில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரைசல். பயறளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைத்தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். கட்டி உடைந்து குவியலாக உட்கார்ந்தால் பரவாயில்லை. சுற்றிவரப் பால் மாதிரிப் புகை பரவினால் அந்த மண் ஓடும் தண்ணீரோடு தானும் கரைந்து போகிற சாதி. உவர் ஏறிய நிலங்களில் இது கூடுதலாகத் தெரியும். அப்படிப்பட்ட காணியில் மண்வாய்க்கால் வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வாய்க்காலின் அடியையும் இரண்டு பக்கத்தையும் சீமெந்தால் கட்டவேண்டும்.

மூன்றாவது, உறிஞ்சல். ஓர் அடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை மட்டம் ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இறங்கினால் மணல்பாங்கு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் அந்தக் காணியில் மழைத்தண்ணீருக்கு உறிஞ்சு குழி வெட்டுவது வீண்செலவு. குளத்துக்குக் கிட்டிய காணிகளில் இன்னொன்றையும் பாருங்கள். மாரியில் கிணற்று மட்டம் நிலத்திலிருந்து நான்கைந்து அடிக்கு வந்துவிடுகிறதா? அப்படியென்றால் குழி மேலிருந்து நிரம்பாவிட்டாலும் கீழிருந்து நிரம்பிவிடும்.

வன்னிக்கே உரிய இன்னொரு விடயம் பங்கர். போர்க்காலத்தில் வளவுகளில் வெட்டிய பங்கர்களும் பதுங்கு அகழிகளும் மீள்குடியேறியபோது அவசரமாகத்தான் மூடப்பட்டன. தட்டி இறுக்காமல் மண்ணை அள்ளிப் போட்ட குழி பார்வைக்கு நிலமாக இருக்கும், தண்ணீர் இறங்கியதும் அமிழும். உள்ளே விட்ட பனங்குற்றியும் தென்னங்குற்றியும் மண்சாக்கும் உக்கி வெளியானால் பொந்து வேறு. பழைய மலசலகூடக் குழி, தூர்ந்த கிணறு, பெரிய புற்று இருந்த இடம் எல்லாம் இதே கதைதான். காணியில் எங்கே பங்கர் இருந்தது என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடிகால் கோடு போடமுன் அவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் மேலாகத் தண்ணீரை ஒருபோதும் ஓடவிடாதீர்கள். வீட்டுக்கு அண்மையில் இருந்தால் இளகிய மண்ணைத் தோண்டி எடுத்து, கிரவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டு நனைத்து இடித்து நிரப்புங்கள். தோண்டும்போது உலோகமாகவோ வயராகவோ சந்தேகமான எதுவும் தட்டுப்பட்டால் அதைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். வேலையை அந்த நிமிடமே நிறுத்தி, ஆட்களை வந்த தடத்திலேயே விலக்கி, 119 க்கு அறிவியுங்கள்.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

பலர் வாய்க்கால் வெட்டுவதில் தொடங்குகிறார்கள். கூரையில் தொடங்குவதே சரி. கூரை விளிம்பில் விழும் தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகும் பீலியைப் பூட்டிவிட்டால் நிலத்தில் செய்யவேண்டிய வேலை பாதியாகிவிடும்.

பீலிக்குப் பத்து அடிக்கு அரை அங்குலம் சரிவு போதும். அதைவிடக் கூடினால் ஒரு முனையில் கூரைக்கும் பீலிக்கும் இடைவெளி பெரிதாகி, வேகமாக வரும் தண்ணீர் பீலியைத் தாண்டிப் பாயும். பீலியைப் பிடித்து நிற்கும் தாங்கிகளை இரண்டு அடிக்கு ஒன்றாகப் பூட்டுங்கள். நான்கு அடிக்கு ஒன்று பூட்டிய பீலி நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் இலை தங்கி, அங்கேயே வழியும். வழிவது எப்போதும் ஒரே இடத்தில் என்பதால் அந்த இடத்து அத்திவாரம் பீலியே இல்லாத வீட்டைவிட மோசமாக அடிவாங்கும். கூரை விளிம்பு பீலியின் அகலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளே நீண்டிருக்கக் கூடாது.

இறக்கக் குழாய்க்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. நூறு சதுர அடிக் கூரைக்குக் குழாய் வாயில் ஒரு சதுர அங்குலம். இரண்டு அங்குலக் குழாயின் வாய் மூன்று சதுர அங்குலம், ஆக 300 சதுர அடிக்கு மட்டும். மூன்று அங்குலக் குழாய் 700 சதுர அடியைத் தாங்கும். இது குறைந்த அளவு. நம் கார்த்திகை மழைக்கு மேலே சொன்ன 754 சதுர அடிக் கூரையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு மூன்று அங்குலக் குழாய் வைப்பதே நல்லது. வேம்பும் மாவும் நிற்கும் வளவில் இரண்டு அங்குலக் குழாய் முதல் காற்றிலேயே அடைத்துக்கொள்ளும்.

குழாயைச் சுவர் அடியில் விட்டுவிட்டுப் போவதுதான் அடிக்கடி காணும் பிழை. கூரை முழுவதன் தண்ணீரையும் சேகரித்து ஒரே மூலையில் ஊற்றும் ஏற்பாடு அது. குழாயின் அடியில் வளைவு பூட்டி, குறைந்தது பத்து அடி தள்ளி விடுங்கள். நிலத்துக்குக் கீழால் போவதென்றால் நான்கு அங்குலக் குழாய், நூறடிக்கு ஓர் அடிச் சரிவு, திரும்பும் இடங்களில் மூடி திறந்து துப்புரவாக்கக்கூடிய சிறு தொட்டி. மழைநீர்த் தாங்கி வைத்திருக்கும் வீடுகளில் தாங்கியின் மேல்வழியும் குழாயை மறந்துவிடுகிறார்கள். 5000 லீற்றர்த் தாங்கி மாரியின் முதல் வாரத்திலேயே நிரம்பிவிடும். அதன்பிறகு மாரி முடியும்வரை வருகிற தண்ணீர் முழுவதும் அந்தக் குழாயால்தான் வெளியேறும். அதையும் பத்து அடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரிவும் சுற்றுத்தளமும்

வீட்டைச் சுற்றிய நிலம் சுவரிலிருந்து பத்து அடி தூரத்துக்குள் ஆறு அங்குலமாவது இறங்கவேண்டும். கண்ணால் மதிப்பிட வேண்டாம், கண் ஏமாற்றும். முப்பது நாற்பது அடி தெளிவான ஹோஸில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சலவை நீலம் ஒரு துளி விட்டால் மட்டம் நன்றாகத் தெரியும். ஒரு முனையைச் சுவரோரம் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் தண்ணீர் நிற்கும்படி பிடியுங்கள். மறுமுனையைப் பத்து அடி தள்ளி ஒரு தடியோடு பிடித்து, அங்கே தண்ணீர் மட்டம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளவுங்கள். மூன்றரை அடி வந்தால் ஆறங்குலச் சரிவு இருக்கிறது. மூன்றடிக்குக் குறைவாக வந்தால் நிலம் வீட்டை நோக்கிச் சரிகிறது. நான்கு மூலையிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இதைச் செய்து கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

முற்றிலும் மட்டமான வளவில் நாங்கள் எடுத்த 22 க்கு 25 வீட்டைச் சுற்றி இந்தச் சரிவை உண்டாக்க, இறுகிய அளவில் ஏறக்குறைய மூன்று கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் பிடிக்கும். இடிக்கும்போது குறையும் என்பதால் நான்கு கியூப் இறக்குங்கள். எந்த மண் என்பதுதான் முக்கியம். மணல் வேண்டவே வேண்டாம். மணலைப் போட்டால் மேற்பரப்பு காய்ந்து அழகாகத் தெரியும். தண்ணீரோ மணலுக்குள்ளால் இறங்கி, கீழேயுள்ள இறுகிய மண்ணில் முட்டி, அத்திவாரத்தை நோக்கியே பக்கவாட்டில் போகும். களி கலந்த கிரவலை நான்கு அங்குலமாகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நனைத்து, இடிகட்டையால் அடித்து இறுக்கவேண்டும்.

இதே பிழை அத்திவாரக் கிடங்கிலேயே தொடங்கிவிடுகிறது. கருங்கல் கட்டு எழும்பியதும் பக்கத்து இடைவெளியை மேசன்மார் மிஞ்சிய மணல், கல்லுடைசல், சீமெந்துப் பை எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவார்கள். களி நிலத்தில் வெட்டிய கிடங்கு தண்ணீர் கசியாத தொட்டி. அதற்குள் மணல் நிரப்பினால் அத்திவாரத்தைச் சுற்றி ஒரு குளம் கட்டியதற்குச் சமம். புது வீடு கட்டுகிறவர்கள் தோண்டிய மண்ணையே, கல்லும் வேரும் பொறுக்கி, ஆறங்குலமாக இடித்து நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். அரை நாள் வேலைதான்.

அடுத்தது, சுவரைச் சுற்றிப் போடும் சீமெந்துச் சுற்றுத்தளம். அதன் அகலம் தாழ்வாரத்தைவிட ஓர் அடி கூடுதலாக இருக்கவேண்டும். இரண்டடித் தாழ்வாரத்துக்கு மூன்றடித் தளம். காசை மிச்சம்பிடிக்க ஒன்றரை அடியில் போட்டால், கூரைத் தண்ணீர் தளத்துக்கு வெளியே சரியாக அதன் விளிம்பில் விழுந்து மண்ணைக் கிடங்காகத் தோண்டும். இரண்டு மாரியில் தளத்தின் அடி பொந்தாகி, மூன்றாவதில் துண்டு துண்டாக உடையும். உடைந்த துண்டுகள் பெரும்பாலும் சுவர்ப் பக்கமே சரியும். அதற்குப் பிறகு அது தண்ணீரை வீட்டுக்குள் அழைக்கும் வழி.

மூன்றடி அகலம், மூன்று அங்குலத் தடிப்பு, சுற்றிவர என்றால் ஏறக்குறைய 318 சதுர அடி, 80 கன அடி கொங்கிறீற். ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறு கலவையில் சீமெந்து 10 பை, மணல் 37 கன அடி, முக்கால் அங்குலச் சல்லி முக்கால் கியூப். சேதாரத்துக்கு ஒரு பை கூட்டி வாங்குங்கள். முதலில் புல்வேரோடு மேல்மண்ணை ஆறங்குலம் வெட்டி எடுத்து, மூன்று அங்குலக் கிரவல் போட்டு இடியுங்கள். தளத்துக்குச் சுவரிலிருந்து வெளிவிளிம்புக்கு ஒன்றே முக்கால் முதல் இரண்டு அங்குலச் சரிவு கொடுங்கள். வெளிவிளிம்பை ஆறு முதல் ஒன்பது அங்குலம் கீழே மடித்து இறக்குங்கள், எலியும் தண்ணீரும் அடியைத் தோண்டாது. ஐந்து அல்லது ஆறு அடிக்கு ஒரு பிரிப்பு விடுங்கள், இல்லாவிட்டால் அது தன் விருப்பப்படி வெடிக்கும். சுவரோடு சேர்த்து ஒட்டிப் போட வேண்டாம். அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் ஊற்றி நிரப்புங்கள். வீடு ஒரு விதமாகவும் தளம் இன்னொரு விதமாகவும் அசையும். ஒட்டியிருந்தால் தளம் சுவர்ப் பூச்சையும் பிடுங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஆவணியிலும் அந்தத் தார்க்கோட்டைப் பார்த்து விலகிய இடத்தை மீண்டும் நிரப்பவேண்டும்.

நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் அத்திவாரத்துக்கு மேல் போடும் தடுப்புப் படைதான் டிபிசி. தளத்தின் மேல்மட்டம் டிபிசிக்கு ஆறு அங்குலமாவது கீழே நிற்கட்டும். நிலத்தை உயர்த்திக்கொண்டே போய் டிபிசியை மண்ணால் மூடிவிட்ட வீடுகள் நிறைய. அதன்பிறகு நிலத்து ஈரம் டிபிசியைச் சுற்றிக்கொண்டு சுவரில் ஏறும். உள்ளே இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ற் உரிந்து உவர் பூக்கும், கதவு நிலையில் கறையான் பிடிக்கும். மேலே பூசிய பூச்சை டிபிசியைத் தாண்டி நிலம்வரை இழுத்துவிட்டாலும் இதே விளைவுதான்.

தண்ணீர் போய்ச் சேருமிடம்

சரிவு கொடுத்தாயிற்று, தண்ணீர் பத்து அடி தள்ளிப் போய்விட்டது. அங்கிருந்து எங்கே? வன்னியின் பெரும்பகுதி தட்டையான நிலம், கேள்வியின் கடினமான பாதி இதுதான். வீதியை உயர்த்திப் போட்ட பல இடங்களில் வளவு வீதியைவிடத் தாழ்ந்துவிட்டது. முன்பு தண்ணீரை வாங்கிய வீதியோரக் கான் இப்போது வளவுக்குத் தண்ணீர் தருகிறது. முதலில் மேலே சொன்ன தண்ணீர் ஹோஸை வைத்துக் கானின் அடிமட்டத்தையும் வீட்டு மூலையையும் ஒப்பிடுங்கள். கான் தாழ்ந்திருந்தால் நூறடிக்கு ஆறங்குலம் முதல் ஓர் அடிச் சரிவில் வாய்க்கால் வெட்டி இணைக்கலாம். உயர்ந்திருந்தால் வீதிப் பக்கத்தில் சிறு வரம்பு எழுப்பி, வாய்க்காலை வளவின் பின்பக்கத் தாழ்வுக்குத் திருப்ப வேண்டும்.

கேற் வாசலில் கானை மண்ணால் நிரப்பி வழி அமைப்பது ஒரு வீட்டின் பிழை, தெருவுக்கே தண்டனை. பன்னிரண்டு முதல் பதினெட்டு அங்குலக் கியூம் குழாய் (கொங்கிறீற்க் குழாய்) போட்டு அதற்கு மேல் நிரப்புங்கள். குழாயின் அடி கானின் அடியோடு சமமாக இருக்கவேண்டும். உயர்த்தி வைத்த குழாயும் அடைப்புத்தான். தண்ணீரை அயலவர் வேலிக்குள் தள்ளிவிடுவதைப் பற்றி நான் கூறத் தேவையில்லை. இரண்டு மூன்று வளவுக்காரர் கதைத்து எல்லையோரம் பொதுவாக ஒரு வாய்க்கால் வெட்டுவது, தனித்தனியே செலவழிப்பதைவிட மலிவு. வெளியேறும் இடம் வயலாகவோ குளத்து ஒதுக்கமாகவோ இருந்தால் கமநல சேவை நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள். கானோடு இணைப்பதற்குப் பிரதேச சபை.

மேட்டிலிருந்து மண்ணுக்குள்ளால் ஊறிவரும் தண்ணீருக்கு மேல்வாய்க்கால் போதாது. வீட்டின் மேட்டுப் பக்கத்தில், சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளி, ஓர் அடி அகலத்தில் இரண்டடி ஆழத்துக்கு அகழி வெட்டுங்கள். நூறடிக்கு ஓர் அடிச் சரிவு. வடிதுணி விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்குச் சல்லி, அதன்மேல் துளையிட்ட நான்கு அங்குலக் குழாய் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி, மறுபடி சல்லி, துணியை மடித்து மூடி மேலே ஆறங்குல மண். துணி இல்லாமல் போட்டால் நுண்மண் சல்லிக்குள் புகுந்து சில மாரியில் அடைந்துவிடும். வெளிவாய் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள், தண்ணீரைச் சேர்த்து வைக்கும் குழியாகிவிடும். சுவரை ஒட்டி அத்திவாரத்தின் அடியைவிட ஆழமாக எதையும் தோண்டவும் கூடாது. அதைவிட ஆழம் வேண்டுமென்றால், எத்தனை அடி கூடுதலோ அத்தனை அடியாவது கூடுதலாகத் தள்ளிப் போங்கள்.

மழை மட்டும்தான் காரணம் என்றில்லை. குசினித் தண்ணீரைச் சுவரோர வாழைக்கு விடும் வழக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. செம்மண்ணில் அது பெரிய கேடில்லை. களியில், கோடை முழுவதும் மூன்று பக்கம் காய்ந்து சுருங்க, குசினிப் பக்கம் மட்டும் ஊறி வீங்கியே இருக்கும். வாழையைப் பதினைந்து அடி தள்ளி நடுங்கள், தண்ணீரைக் குழாயில் அனுப்புங்கள். மலசலகூட உறிஞ்சு குழியையும் அத்திவாரத்திலிருந்து பதினைந்து அடிக்குக் குறையாமல், கிணற்றிலிருந்து அறுபது அடிக்குக் குறையாமல் வையுங்கள். வேம்பு போன்ற பெரிய மரம் களியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை இறக்கும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விடுவது பாதுகாப்பு. ஆனால் வீட்டைவிட வயதான மரம் ஒன்று களியில் நின்றால் திடீரென்று தறிக்க வேண்டாம். இத்தனை வருடம் மரம் குடித்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, நிலம் வீங்கி வீட்டைத் தூக்கும். கொப்புகளை வருடாவருடம் குறைத்துக் கொண்டுவாருங்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்டதைப் போன்ற வெள்ளத்துக்கு மேலே சொன்ன எதுவும் அணையாகாது. குளம் வான் பாய்ந்து வரும் தண்ணீருக்கு அத்திவார உயரம்தான் பதில். வெள்ளம் எட்டிய அடையாளம் அயல் வீட்டுச் சுவரில் இருந்தால் அதற்கு மேல் ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள். வெள்ளம் வடிந்த கையோடு சுவரோரம் அகழி வெட்டித் தண்ணீரை இழுக்க ஓடாதீர்கள். ஊறிய மண் அகழிக்குள் சரிந்து அத்திவாரத்தின் அடியைத் திறந்துவிடும். தாழ்ந்த பக்கத்து எல்லையில் வாய்க்காலைத் திறந்துவிட்டு, வீட்டோரம் தானாகக் காய விடுங்கள். வீட்டுக்குள் நிலத்தைத் தடியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் உள்நிரப்பு மணல் கழுவுப்பட்டிருக்கிறது.

வெடிப்பைப் படிப்பது

யன்னல் மூலையிலிருந்து சாய்வாக, கல்லின் பொருத்துகள் வழியே படிபடியாகப் போகும் வெடிப்பு அத்திவார அசைவின் கையெழுத்து. மேலே அகன்று கீழே ஒடுங்கினால் சுவரின் முனை இறங்குகிறது, அந்த மூலையின் கூரைத் தண்ணீரைப் பாருங்கள். கீழே அகன்று மேலே ஒடுங்கினால் நடுப்பகுதி இறங்குகிறது. நடுவில் பழைய குழியோ பங்கரோ இருந்ததா என்று விசாரியுங்கள். பூச்சில் வலைபோல ஓடும் மயிர்க்கோடுகள் பூச்சு காய்ந்த விதத்தால் வருபவை, அவற்றுக்காக நித்திரை கெட வேண்டாம்.

வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். நடுவில் அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து பக்கத்திலேயே குறியுங்கள். ஆவணியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, அடுத்த ஆவணியில் ஒருமுறை அளவுங்கள். மாரியில் மூடிக் கோடையில் திறந்தால் களி மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மாரியிலும் கூடிக்கொண்டே போனால் மண் கழுவுப்படுகிறது அல்லது அமிழ்கிறது. ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, கதவுகள் திடீரென இறுகினாலோ, சுவர் தூக்குக்குண்டுக்கு விலகினாலோ பொறியியலாளரிடம் போகவேண்டும். பிரதேச செயலகத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டினாலும் அடுத்த வழியைச் சொல்வார்.

மற்றவற்றுக்கு முதலில் பீலி, சரிவு, வாய்க்கால். அதன்பிறகு ஒரு மாரியும் ஒரு கோடையும் கடக்கவேண்டும். அளவு மாறாமல் நின்றால் மட்டும் வெடிப்பைத் திறந்து துப்புரவாக்கி, நனைத்து, ஒன்றுக்கு நான்கு சாந்தால் அடைத்து, வலை வைத்துப் பூசுங்கள். கறுப்புக் களி வீடுகளில் சிறு அசைவு என்றும் இருக்கும். அங்கே வெளிப்பக்க வெடிப்பைச் சாந்துக்குப் பதிலாக இழுபடக்கூடிய சீலன்ரால் அடையுங்கள். சாந்து அடுத்த ஆவணியில் பக்கத்திலேயே புதுக்கோடு போடும்.